ஊரணியில் இறங்க வேண்டிய சிவப்புத் தங்கம்

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பழனிச்சாமி அவர்களே, முப்பத்தொரு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாதவரே, இன்றைக்கு மைக்கில் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களே, திருவரங்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, குடம் சுமந்து இடுப்பு தேய்ந்த தாய்மார்களே, மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் காலேஜ் ஆராய்ச்சிப் பெண் பிரகதீஸ்வரியே, மீனம்மாள் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

பயந்துகொண்டேதான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

நம் குடிதண்ணீர் ஊரணியில் மாட்டிய கருவி பொய் சொல்கிறது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம். கை தூக்குவதற்கு முன்னால் கேளுங்கள். அது என்ன கருவி? தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி நூல். நூலின் நுனியில் நுங்குச் சதை போல ஒரு பசை. பசைக்குள்ளே தங்கப்பொடி. தங்கம் என்றதும் காதைத் தொட்டுப் பார்க்கிறாயே செவந்தி, அந்தத் தங்கம் மஞ்சள் அல்ல. கண்ணுக்கே தெரியாத பொடியாகிவிட்டால் தங்கம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துவிடுமாம். தண்ணீரில் பூச்சிமருந்து கலந்தால் பசை உப்பும், பொடி விலகும், நூலுக்குள் போன வெளிச்சம் வேறு நிறமாகத் திரும்பும், கரையில் இருக்கும் பெட்டி அலறும்.

போன மாசம் அலறியதே, ஏன்? ஊரே இரண்டு நாள் உலை வைக்கவில்லை. டவுனில் சோதித்தால் தண்ணீர் சுத்தம் என்றார்கள். இந்தப் பெண் நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, நுனியில பசையே இல்லைங்க, யாரோ தொடச்சிருக்காங்க" என்றது. தலைவர் என்ன சொன்னார்? "ஒன் மெசின் ஓட்டைக்கு எங்க ஊருப் பொம்பளைகளப் பழி சொல்றியா? கெளம்பு." கண் கலங்கிப் போனது அந்தப் பிள்ளை. நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்காமல்.

துடைத்தது யார்? நான்.

படித்துறை கழுவும் முறை அன்றைக்கு என் வீட்டுக்கு. ஊரணியில் வழவழப்பாக எதைப் பார்த்தாலும் தேய்ப்பது நம் கை. பாசி என்று நினைத்தேன். தேங்காய் நார் போட்டு, சிவப்பு போகப் போக, சந்தோஷமாகத் தேய்த்தேன். என்ன சிரிப்பு அங்கிட்டு? சிரியுங்கள். அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. அதன் நாக்கை நான் அறுத்தேன், அது கத்தியது.

ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசி, புதன்கிழமை. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் யாரோ மருந்தடிக்கும் டப்பாவைக் கழுவினார்கள். களை எடுத்துவிட்டு வந்த என் தங்கச்சி செங்கமலம் இரண்டு கை அள்ளிக் குடித்தாள். "அக்கா, கண்ணு இருட்டுதுக்கா" என்றாள். விடியும்போது அவள் இல்லை. தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. எச்சரிக்க எது இருந்தது? மணி இருந்ததா? நூல் இருந்ததா? தலைவரே, அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: "தண்ணிக்கு ஒண்ணுமில்ல, அவளுக்கு முந்தியே வயித்துவலி." மறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.

"அத இப்ப எதுக்கு இழுக்கிறீங்க?" என்கிறீர்களே தலைவரே, சொல்கிறேன். மேற்கே பாருங்கள், கறுத்து வருகிறது. மேட்டுக் கொல்லைக் கடலைக்கு நேற்றுத்தான் மருந்தடித்தீர்கள். இந்த மழை அதைக் கழுவி எங்கே கொண்டுவரும்? உங்கள் பேத்தி ரம்யா நாளைக் காலையில் எந்தத் தண்ணீரைக் குடிப்பாள்? என் தங்கச்சி குடித்த அதே தண்ணீரைத்தானே?

இதோ, என் குடத்தை மேடையில் கவிழ்த்து வைக்கிறேன். அந்தப் பிள்ளை பாட்டிலில் கொண்டுவந்திருக்கும் புது நூல் ஊரணியில் இறங்கும்வரை இது நிமிராது. என் குற்றத்தைக் காது கொடுத்துக் கேட்ட சபைக்கு நன்றி, வணக்கம்.

நெற்றியில் ஒரு துளி விழுந்துவிட்டது. ஆத்தா பிரகதீஸ்வரி, பாட்டிலைத் திற. முறை யாருடையதாக இருந்தாலும் படித்துறையில் இனி நான் காவல் இருக்கிறேன்.