கேட்டுச் சொல்லும் ஆள்

பதினெட்டு வருடம் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சபீஹா மேடம். டீ ஆறுகிறது, குடியுங்கள். பாண்டிச்சேரியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து பவித்ரா ஏன் பாடுவதில்லை என்று கேட்கிறீர்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை.

ஆப்பெரா என்கிற அந்த மேல்நாட்டு இசைநாடகம் பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் வெளியே எப்படி விழுகிறது என்று தெரியாதாம். மைக்கும் கிடையாது. கல்யாணமான புதிதில் பவித்ரா இதைச் சொன்னபோது சிரித்தேன். அப்புறம் நான்தான் அவளுக்குக் காது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் தெருவின் இந்தக் கோடியில் அவள் பாடுவாள், அந்தக் கோடியில் நான் நிற்பேன். சரியாக வந்தால் கையைத் தூக்குவேன். பிளாக்கே வேடிக்கை பார்க்கும். உங்கள் நாடகத்தில் கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடினாளே, அன்றும் வடலூரில் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் நின்றேன். என் கையைப் பார்த்துத்தான் பாடினாள்.

பிறகு உங்கள் குழுவோடு இரண்டு வருடம் வெளிநாடு கூப்பிட்டீர்கள். நானும் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்: “அங்க கேட்டுச் சொல்ல ஆள் இருக்காங்களாம். நீங்க எதுக்கு லீவு போட்டுக்கினு அலையணும்?”

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அந்த மாதமே அவளுக்குத் தொண்டையில் சின்னக் கட்டி, ஆபரேஷன். பத்து நாள் பேசக் கூடாது என்றார் டாக்டர். எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். பதினோராம் நாள் தெருக்கோடியில் நின்று பாடினாள். முன்னைவிட நன்றாக இருந்தது, மேடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்துபோய் ஓடி வந்தாள். நான் கையைத் தூக்கவில்லை.

“கொரல் ஒடையுதா?” என்றாள்.

“ஒடையுது. இன்னும் கொஞ்ச நாள் பேசாம இரு.”

மாதம் ஒருமுறை பாடிக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன். டாக்டரும் அதையே சொல்கிறார் என்றேன். நான் அவருக்குப் போன் செய்யவே இல்லை. குரல் போய்விட்டது என்று உங்களுக்கு மெயில் அனுப்பியதும் நான்தான்.

மூன்று வருடம் ஆகிறது. பாடிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். இப்போது சிலேட்டோடு மந்தாரக்குப்பம் கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். அவளையே கேளுங்கள். என்னைக் குறை சொல்லி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.