நடுவுல உக்காருங்க

நடுவுல, தம்பி, நடுவுல! ஓரமா உக்காந்தா எப்படி? நீங்க ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு வந்தா, வளைவுல வண்டி நேரா போயி மரத்துலதான் நிக்கும். ...ம், அப்படித்தான். காலு ரெண்டையும் கீழ நடுவுல இருக்கற அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு போட்டுக்குங்க. பெட்டிய மடியில வச்சுக்க வேணாம், உங்க தலைக்குப் பின்னாடி கண்ணாடிகிட்ட பலகை இருக்கு பாருங்க, அது மேல வைங்க. என்ன பெட்டி அது? அக்கார்டியனா! நல்ல கனமோ? ...ஆகா, ஆண்டவனாப் பாத்து அனுப்பியிருக்கான்.

முன்சீட்டு காலியாத்தான் இருக்கு, எனக்கும் கண்ணு தெரியுது. முன்னாடி உக்காந்து என்ன பிரயோசனம்? நீங்க சமவெளிக்காரரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இந்தச் சனியன் பின்சக்கரத்துல ஓடுற வண்டி. எஞ்சின் முன்னாடி, எடையெல்லாம் முன்னாடி, ஆனா தள்ளுறது மட்டும் பின்சக்கரம். பனியில பின்னாடி கனம் இல்லேன்னு வைங்க... சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும். கல்யாண வீட்டுல ராக்கியா குடிச்சவன் ஆடுற மாதிரி, சத்தம் பெருசு, நகர்றது ஒண்ணுங் கெடையாது. அப்புறம் வால ஆட்டும் பாருங்க, வால! முன்னாடி நான் நேரா போறேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பேன், பின்பக்கம் எனக்கு முந்தி போயி நிக்கும்.

பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல. இந்த வெலிகா முப்பது வருசமா இந்த மலையில வண்டி ஓட்டுறா. சனிக்கெழம சந்தைக்குத் தயிரு, பாலாடைக்கட்டி எல்லாம் எறக்குறது நான்தான். ஒரு பானை ஒடஞ்சதில்ல... ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருக்கும், அத விடுங்க.

கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். பஸ் ஸ்டாப்புல அத்தன பேரு நின்னாங்களே, உங்கள மட்டும் ஏன் கூப்ட்டேன்னு நெனச்சீங்க? மொகத்தப் பாத்தா? மொகத்த யாரு பாத்தா! அந்த வாத்தியாரம்மா என்னா கெஞ்சு கெஞ்சுனா. ஒல்லிப்பிச்சான். அவள ஏத்தி என்ன பண்ண, காத்தடிச்சா அவளப் புடிக்க நான் எறங்கணும். உங்களப் பாத்தேன், நல்ல பாரி ஒடம்பு, ‘வாங்க தம்பி’ன்னேன். இதுல வருத்தப்பட என்ன இருக்கு? ஒடம்பு இருக்கறது ஒரு சொத்து. இந்த மலையில கேட்டுப் பாருங்க.

அங்க பாருங்க, போறான் பாருங்க, பிளாமென்! ஹாரன் வேற அடிக்கிறான், கொழுப்பு! முன்சக்கர வண்டியாம், புதுசாம். டேய், போன வாரம் இதே மேட்டுல ரிவர்ஸ்ல ஏறுனவன்தானடா நீ? ஊரே பாத்துச்சு! செங்குத்தா வந்துட்டா அவனுக வண்டிக்கும் முன்சக்கரம் பிடிக்காது, தம்பி, பின்பக்கத்தக் காட்டிக்கிட்டுத்தான் ஏறணும். நான் ஒரு நாளும் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு எந்த ஊருக்கும் போனதில்ல.

போன குளிர் வரைக்கும் எனக்கு இந்தக் கவலையே கெடையாது. எங்க வீட்டுக்காரரு எவ்திம் இருந்தாரு... அய்யய்யோ, ‘ஆண்டவன் அவர மன்னிக்கட்டும்’னு சொல்லாதீங்க! வாயில நல்ல வார்த்த வராதா? சாகல, சாகல. கல்லு மாதிரி இருக்காரு. மேல, அவங்கக்கா நேதா வீட்டுல. என் நாத்தனாரு. அவளப் பத்தி நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், பேசுனா சாயந்தரம் வரைக்கும் ஆகும்.

இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடந்தான். நட்டநடுவுல. நூத்தி முப்பது கிலோ, தம்பி! அந்த மனுசன் ஏறி உக்காந்தாருன்னா வண்டி ‘ங்ங்ம்’னு ஒரு சத்தம் போட்டுப் பின்னாடி அமுங்கும் பாருங்க. அப்புறம் இந்த மேடாவது பனியாவது, கோயில் தேரு மாதிரி நிதானமாப் போகும். ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு. சூரியகாந்தி வெத கொறிச்சுக்கிட்டு, தொலிய அவரு கோட்டுப் பாக்கெட்டுலயே போட்டுக்கிட்டு வருவாரு. உள்ள இருந்த பின்பக்கம் பாக்கற கண்ணாடி கழண்டு விழுந்து ரெண்டு வருசமாச்சு. மாட்டவே இல்ல. எதுக்கு மாட்டணும்? ‘பின்னாடி லாரி வருது, வெலிகா’ம்பாரு. ‘பின்னாடி யாருமில்ல, வெலிகா’ம்பாரு. ஒரு வழிக்கு அவ்வளவுதான் பேச்சு. எனக்கும் அது போதும். பாக்கிய நான் பேசிக்குவேன்.

அப்புறம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? சரி, சொல்றேன். இளைச்சாரு. அதான் ஆச்சு. அறுவடை முடிஞ்சு ஒரு கல்யாணத்துக்குப் போனோம், இவரு உக்காந்த நாக்காலி ஒடஞ்சு விழுந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எழுந்து ஒக்காந்து அவருந்தான் சிரிச்சாரு. யாருக்கோ அவமானமாப் போச்சு... யாருக்கு போச்சோ. மறுநாள்ள இருந்து வீட்டுல வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வச்சு அடுக்கிச் சுடற பனீட்சா கெடையாது, கொழுப்புக் கெடையாது, ரொட்டி கெடையாது. அவிச்ச கோசு. காலையில கோசு, மத்தியானம் கோசுத் தண்ணி. அந்த மனுசன் ஏன்னு கேட்டாரா? கேக்கல! தட்ட வச்சா சாப்புட்டாரு, எழுந்து போயி வெறகு பொளந்தாரு. கிறிஸ்மஸ் வர்றதுக்குள்ள கோட்டு அவரு மேல தொங்குது, தோட்டத்துல காக்கா வெரட்ட வச்சிருக்கற பொம்ம மாதிரி. சொல்லக் கூடாதா, ‘வெலிகா, பனி வருது, பின்சக்கரத்துக்குக் கனம் வேணுமே’ன்னு? எல்லாத்தையும் நானே யோசிக்கணுமா?

இருங்க இருங்க, வளைவு. பேசாதீங்க. ...நான்தான் பேசுறேன், சரி. ரெண்டாவது கியரு... மெதுவா... பிரேக்க தொட்டா செத்தோம்... ஆட்டுது, ஆட்டுது, நடுவுல இருங்க! ...ம். போச்சு, வந்துட்டோம். அக்கார்டியன் விழுந்துச்சா? எடுத்து வைங்க. நல்ல நாளும் அதுவுமா.

ஆமா, இன்னைக்கு நல்ல நாளுதானே. எவ்திம் நாள்! எங்க வீட்டுக்காரருக்கு எந்தப் புனிதரு பேர வச்சாங்களோ அவரு நாளு, பேர்நாளு. அதான் கெடந்து அடிச்சுக்கறேன். பேர்நாளுக்கு யாரு யாரக் கூப்புடறா? வெளக்கு வச்சா ஊரே தானா வந்து நிக்கும், ஆளுக்கொரு பாட்டிலோட. ‘பேருக்குச் சொந்தக்காரரு எங்க’ன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ‘அவரு இல்ல, பனீட்சா இருக்கு, தின்னுட்டுப் போங்க’ன்னா? டிக்கியில இருக்கு பாருங்க, விடியங்காட்டி எழுந்து செஞ்சது, பெரிய தட்டு, கம்பளி சுத்தி வச்சிருக்கேன். வெண்ணெய்ய ஊத்தி ஊத்தி அடுக்குனது. அதுவும் ஒரு கனந்தானே. இன்னைக்கு இருட்டறதுக்குள்ள அந்த மனுசன எறக்கிக் கொண்டாந்து சேத்துரணும். இல்லேன்னா நாளைக்கு நான் ரொட்டிக் கடைக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

நீங்க யாரு வீட்டுக்குப் போறீங்க, கேக்கவே இல்ல பாருங்க. அக்கார்டியன் தூக்கிக்கிட்டு இந்தப் பனியில... யாரு வீட்டுல விசேஷம்?

...யாரு?

நேதா வீட்டுக்கா?

எந்த நேதா? ...பச்ச கேட்டு. வாசல்ல வாதுமை மரம். ...ஓகோ. ஓகோகோ! எவ்திம் நாளுக்கு வாசிக்கக் கூப்ட்டாளா? எவ்திம் எம் புருசன், நாளு எம் புருசன் நாளு, வாசிப்பு நாத்தனாரு வீட்டுலயா! அதான் ரொட்டிக் கடையில ஒருத்தியும் ‘சாயந்தரம் வரோம்’னு சொல்லல! எல்லாரும் அங்க ஏறப் போறாளுக! பிளாமென் ஹாரன் அடிச்சானே, எதுக்கு அடிச்சான்னு இப்பல்ல தெரியுது! நானும் முட்டாளு மாதிரி உங்கள ஏத்தி, நடுவுல உக்கார வச்சு, என் வயித்தெரிச்சலுக்கு நானே மேளம் கொண்டு போறேன்...

எறங்கறேன்னு சொல்லாதீங்க. யாரு எறங்கச் சொன்னா? உங்க மேல கோவமில்ல. உங்க மேல கோவப்பட்டு கனத்த எழக்க நான் என்ன பைத்தியமா? உக்காருங்க.

இந்தா வருது, கடைசி வளைவு. இத ஏறிட்டா கேட்டுதான். இதுலதான் ரெண்டு தடவையும் தோத்தேன். ஆமா, மூணாவது தடவ வர்றேன். மொதத் தடவ ரெண்டு மூட்ட மணல் வச்சுக்கிட்டு வந்தேன், உங்க எடத்துல. இங்க வந்து சக்கரம் சுத்துச்சு. மணல எடுத்து சக்கரத்துக்கு அடியில போட்டேன். போட்டா பிடிப்பு வருது, ஆனா பின்னாடி கனம் போயிருது! இன்னும் சுத்துது. இன்னும் போட்டேன். ரெண்டு மூட்டையும் தீந்து, வண்டி பஞ்சாயிருச்சு, வழுக்கிக்கிட்டே கீழ போயி ஸ்தோய்லோவோட வேலியில நின்னுச்சு. ரெண்டாவது தடவையும் இதே கததான். பனிக்குச் சக்கரத்துல சங்கிலி மாட்டலாமேங்கறீங்களா? ஒத்தச் சங்கிலிதான் இருக்கு, இன்னொண்ணுல கழுதையக் கட்டியிருக்கு.

ம்... போ... போடா கண்ணு... போ போ போ... சுத்தாத! சுத்தாதடா! அடச்சே.

நின்னுருச்சு. பாத்தீங்களா? வேணும்னே பண்ணுது. தம்பி, ஒரு ஒதவி. டிக்கியில அடுப்புச் சாம்பல் ஒரு வாளி இருக்கு. எறங்கி ரெண்டு சக்கரத்துக்கும் அடியில தூவிட்டு வந்து உக்காந்துருங்க. நான் எறங்க முடியாது, கைபிரேக்கு பிடிக்காது, கால எடுத்தா வண்டி போயிரும். ...ஆமா, பனீட்சா மேல கொட்டிறாதீங்க. கதவ நல்லா சாத்துங்க!

...தூவுனீங்களா? எனக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது, தம்பி, கண்ணாடியெல்லாம் பனி. நெறையத் தூவுங்க, சாம்பலுக்கா பஞ்சம்.

ரெண்டு மூட்ட மணல்னு சொன்னேனே... அத ஏன் வாங்குனேன்னு கேக்கலியே நீங்க. நல்ல மனுசன், கேக்க மாட்டீங்க. மொதப் பனியன்னைக்கு சந்தைக்குப் போனோம். அவரு வழக்கம்போல நடுவுல. வண்டி அமுங்கவே இல்ல. சந்தை வாசல்ல வாலச் சுத்தி, மொளகா விக்கறவ கடையில போயி இடிச்சுது. ஊரே நிக்குது. நான் எறங்குனேன். எனக்கு வாயி சும்மா இருக்குமா? ‘உன்னால இருந்த ஒரே உபயோகம் எடை, இப்ப அதுவும் போச்சு! இதுக்கு ரெண்டு மூட்ட மணலே தேவல, அது சோறும் கேக்காது’ன்னேன். எல்லார் முன்னாடியும். சொன்னதோட விட்டேனா? அங்கயே ரெண்டு மூட்ட வாங்கி அவரு எடத்துல வச்சேன்.

அந்த மனுசன் மூட்டையப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. ‘மூட்டைக்கு எடம் சரியா இருக்கு, வெலிகா’ன்னு சொல்லிட்டு, கோட்டு பட்டன போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்துட்டாரு. அவ்வளவுதான். சண்டையே இல்ல. சண்ட போட்டிருந்தா நான் செயிச்சிருப்பேன்ல?

கோசு அவிச்சவ யாரு? நான். இளைக்க வச்சவ யாரு? நானேதான். நாக்காலி ஒடஞ்சப்ப வெக்கப்பட்டவளும் நாந்தான், அவரு இல்ல. இத நேதாகிட்ட சொல்லிறாதீங்க, தம்பி. வாசிக்கப் போற எடத்துல வாசிச்சுட்டு வந்துருங்க. வீட்டுல சத்தமே இல்ல. நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன், பேசிக்கிட்டே இருக்கேன், வெத கொறிக்கிற சத்தம் இல்லாம என் பேச்சு எனக்கே சகிக்கல.

தம்பி? ...தூவியாச்சா? தம்பி!

என்ன ஒரு பதிலையுங் காணோம்... எங்க, அக்கார்டியன் எங்க? பலகை மேல இல்ல! அடப்பாவி, பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒத்தையடிப் பாதையில ஏறிட்டானா! ஆளும் போச்சு, கனமும் போச்சு! ‘நல்ல மனுசன்’னு இப்பத்தானே சொன்னேன், என் வாயில சாம்பலப் போட! இப்ப நான் எப்படி ஏற, எப்படி எறங்க? பிரேக்கு மேல காலு வச்சுக்கிட்டு விடிய விடிய இங்கயே...

...ஆ, வந்துட்டீங்களா? வாங்க, வாங்க, மெரட்டிட்டீங்களே. கதவச் சாத்துங்க, பனி உள்ள வருது. பெட்டிய மேல வச்சுட்டு வந்தீங்களா? அதுவுஞ் சரிதான். நடுவுல...

இருங்க.

என்ன அது சத்தம்? ‘ங்ங்ம்’னுது.

...சரி. நான் திரும்பிப் பாக்கல. பாத்தா பிரேக்க விட்டுருவேன். மொதல்ல கிளட்சு. மொதக் கியரு... மெதுவா... பிடிக்குது. பிடிக்குது! பாரேன், அசையாமப் போகுது பாரேன், தேரு மாதிரி! ஏன் மனுசா, என்ன எடை இருப்ப இப்ப? உங்கக்கா என்னத்தப் போட்டா உனக்கு? நான் கெடந்து கோசு அவிச்சு எறக்குனதெல்லாம் இந்த கொஞ்ச நாள்ள ஏத்திட்டாளே! சண்டாளி. நல்லா இருக்கட்டும்.

அக்கார்டியன் தம்பி மேல வந்து சொன்னாரா? எப்ப வந்து நின்ன நீ? எம்புட்டு கேட்ட? ...எதையும் சொல்லாத. கேட்டேன்னும் சொல்லாத, கேக்கலேன்னும் சொல்லாத. உங்கக்கா வீட்டு கேட்டுகிட்ட வண்டியத் திருப்பிக்கறேன். நேதாவையும் கூப்புடுவோம், வரட்டும், முன்சீட்டுல உக்காரட்டும். ஊரு சனத்தையும் நம்ம வீட்டுக்கு எறங்கச் சொல்லு. பனீட்சா ஆறிப் போகும்.

ஏதோ கொறிக்கிற சத்தம் கேக்குதே... தொலியக் கீழ போட்டா போடு, பரவால்ல. இன்னைக்கு உன் நாளு.

எவ்திம், பின்னாடி யாராவது வராங்களான்னு பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.