வாளிக்குள் ஒரு கை

ஒரு வாளித் தண்ணீர் சூடாவதை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், சார். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஃபோனைத் தள்ளிக்கொண்டே போகிறவன் ஒரு வீடியோவுக்கு மூன்று நொடிதான் கொடுப்பான். அதற்குள் அவன் மனசுக்குள் ஒரு 'ஐயோ' விழ வேண்டும். விழவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுவான். அந்த 'ஐயோ'வைச் செய்து கொடுப்பதுதான் என் தொழில்.

முன்பு நானும் இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் லைனில் நின்றவன்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, டீக்கடை மாடியில் ஒரு அறை எடுத்து ஏஐ வீடியோ செய்ய ஆரம்பித்தேன். பொருளை ஒரு ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தால் போதும். அதற்குப் பின்னால் மலை வேண்டுமா, மழை வேண்டுமா, சூரிய உதயம் வேண்டுமா, எழுதிக் கொடுத்தால் இயந்திரம் செய்துவிடும். படப்பைப் பக்கம் பிளாட் விற்கிறவர்களுக்கு முள்ளுக்காட்டில் மயில் ஆட வைத்திருக்கிறேன். பீரோவுக்குப் பனி பெய்ய வைத்திருக்கிறேன். சினிமாக்காரன் லட்சக்கணக்கில் செலவு செய்து எடுப்பதை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எடுப்பேன். என்னைக் கேலி செய்தவர்கள் எல்லாம் அப்புறம் என் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

மண்ணூரில் ரங்கநாத் என்று ஒருவர் சின்ன ஷெட்டில் ஹீட்டர் ராடு செய்கிறார். வாளியில் தொங்கவிட்டு பிளக்கைச் சொருகினால் தண்ணீர் சூடாகுமே, அதுதான். ஷாக் அடிக்காத ராடு என்று டப்பாவில் போட்டிருந்தார். கூடவே, சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும் என்றும் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆவி, பனிமூட்டம், வாளிக்குள் தங்க நிற வெளிச்சம் என்று முதல் வீடியோவை அழகாகத்தான் செய்து கொடுத்தேன். யாரும் சீண்டவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது: ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் ஒரு கை போக வேண்டும். பார்க்கிறவன் 'ஐயோ' என்று அங்கேயே நின்றுவிட வேண்டும்.

ரங்கநாத் பயந்தார். "கை வேணாம் வசந்த், வம்பாயிடும்," என்றார். நான்தான், இது ஏஐ கை, யாருடைய கையும் இல்லை என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

ஆனால் இயந்திரத்துக்குக் கை சரியாக வராது, சார். ஆறு விரல் வரும், இல்லை நகம் உள்ளங்கைப் பக்கம் முளைக்கும். நிஜக் கையை நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்யும். அதற்குத்தான் சசிரேகாவைக் கேட்டேன். என்னோடு ஒரே லைனில் வேலை செய்த பெண். கோதண்டம் தன் வீட்டில் வாடகைக்கு விட்டிருந்த போர்ஷனில் கூட வேலை செய்கிற பெண்களோடு தங்கியிருந்தாள். லைனில் நிற்கிற பெண்கள் நகம் வளர்க்கக் கூடாது, மோதிரம் கூடாது, மருதாணி கூடாது, நாள் முழுக்க கிளவுஸ். அதனால் அந்தக் கைகள் வெயில் படாத குழந்தையின் கை மாதிரி இருக்கும். சசிரேகாவுக்கு வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நிஜம்போலத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. ரங்கநாத் அதற்கப்புறம் வம்பு என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. சசிரேகாவும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் ஃபோனைக் காட்டி, அது என் கை, மச்சத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவுக்கும் அனுப்பியிருந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பிளுக்கு வந்த ராடை நான் என் அறையில் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் விரல் நுனியைத்தான் வைத்தேன். தோள்பட்டை வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டது. அன்று முழுக்க அந்தக் கையால் சாதத்தைப் பிசைய முடியவில்லை. ரங்கநாத்திடம் சொன்னபோது, சில பீஸில் சீல் சரியாக உட்காரவில்லை, வேறு அனுப்புகிறேன் என்று சொல்லி ஒன்று அனுப்பினார். இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் கிடந்தன. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் கமெண்டுகள் வர ஆரம்பித்தன. இது ஏஐ, டுபாக்கூர், தில் இருந்தா நெஜக் கைய வெச்சிக் காட்டு என்று வரிசையாகப் போட்டார்கள். என் வேலையை டுபாக்கூர் என்று சொன்னால் எனக்குத் தாங்காது. உங்கள் வேலையை யாராவது அப்படிச் சொன்னால் உங்களுக்கும் தாங்காது. சசிரேகாவும் அந்தக் கமெண்டுகளைப் படித்துவிட்டு என்னைவிடக் கொதித்தாள். அவளே எனக்கு ஃபோன் செய்து, நெஜமாவே வைத்துக் காட்டிவிடலாம் என்றாள். இந்த வாட்டி முகமும் வர வேண்டும், அதுதான் அவள் கேட்டது. நான் அவளை வற்புறுத்தவில்லை, சார். அதை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வீக் ஆஃப். மற்ற பெண்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். நான் அட்டைப்பெட்டியில் கைக்கு வந்த ராடை எடுத்துக்கொண்டு போனேன். டெஸ்டர் மேசையிலேயே இருந்தது. ஆனால் கோதண்டம் வீட்டு பாத்ரூம் ஜன்னலில் மத்தியானம் கொஞ்ச நேரம்தான் வெயில் சாய்வாக விழும். அதை விட்டால் மறுநாள்தான். டெஸ்ட் செய்துகொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும்.

தரை காய்ந்திருந்தது. காய்ந்த தரை கேமராவில் செத்துப்போய்த் தெரியும். நாலு மக்கு தண்ணீர் மொண்டு ஊற்றினேன். தரை முழுக்க வெளிச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். நீல வார், தேய்ந்துபோன செருப்பு, ஃப்ரேமைக் கெடுத்தது. கழற்றச் சொன்னேன், கழற்றினாள். பிளாஸ்டிக் வாளியில் ராடைத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன். அவள் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கரண்ட் அடிக்காதில்ல வசந்தண்ணா?"

"இத்தினி நாளா உன் கைதானே உள்ள கீது," என்றேன். "அடிச்சிதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்கு ரொம்பப் பிடித்த ஷாட். நடிக்கச் சொன்னால் அந்தச் சிரிப்பு வராது. சிரித்துக்கொண்டே கையை இறக்கினாள்.

சுவிட்ச் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பார்க்கும்போது எதுவும் நிஜமாக நடப்பதுபோல இருக்காது, அது என் பழக்கதோஷம். ஃபோகஸ் போய்விட்டது, அதைச் சரி செய்தேன். அப்புறம்தான் சுவிட்சை நிறுத்தினேன்.

அவள் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தாள். நாடி பிடித்துப் பார்க்கவில்லை. நான் டாக்டர் இல்லை, பார்த்தாலும் எனக்கு என்ன தெரியும். ட்ரைபாடை மடித்தேன். அவள் தானாகக் குளிக்கத் தண்ணீர் போட்டதுபோல இருக்கட்டும் என்று கிளம்பும்போது சுவிட்சை மறுபடி போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்து, சுங்குவார்சத்திரம் வரைக்கும் ஷேர் ஆட்டோ பிடித்தேன். கூட்டமாக இருந்தது. ஒரு அம்மா மடியில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு என் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் அவளைத் தொட்டிருக்கிறார்கள், விவரமான பெண்கள். ஆட்டோவில் ஏற்றும்போது அவளுக்கு மூச்சு இருந்தது என்று அதில் ஒரு பெண் சாவு வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதாள். இருந்திருக்கலாம். நானும் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

வயரிங் சரியில்லை என்று கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வீட்டு வயரிங்கும் சரியில்லைதான். எர்த்தே கிடையாது.

அப்புறம் என் பேஜில் பார்க்கிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எடுத்து வைத்தது சும்மா கிடக்கிறதே என்றுதான் போட்டேன். விரல் தண்ணீரைத் தொடுகிற வரைக்கும், அந்தச் சிரிப்பு வரைக்கும் அவள். அதற்கு மேல் இயந்திரம். கை உள்ளே போகிறது, துழாவுகிறது, வெளியே வந்து தண்ணீரை உதறுகிறது. இரண்டும் எங்கே சேர்கிறது என்று உங்கள் லேப்காரர்களாலும் சொல்ல முடியவில்லை, பார்த்தீர்களா. ஏஐ வீடியோ என்று கீழே நானே போட்டுவிட்டேன். ஜனங்களும் அப்படியே நம்பி, இப்போதெல்லாம் சிரிப்பைக்கூட நிஜம்போலச் செய்கிறானே என்று பாராட்டினார்கள். கோதண்டம் ஒருவர்தான் முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருந்த டைல்ஸைப் பார்த்திருக்கிறார். ஜாமீனில் வந்த மனிதர், தன் வீட்டு பாத்ரூமில் உடைந்த டைல்ஸ் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று உங்களிடம் வந்து கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

சசிரேகாவின் அம்மா பாப்பம்மாள் ஏன் திடீரென்று புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். என் பொண்ணுதான் தப்பு பண்ணிட்டா என்று அவர் அடித்துச் சொன்னாராம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் உத்திரமேரூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி என் அறைக்கு வந்தார். படியேறிய மூச்சிரைப்பு அடங்குவதற்கு முன்னால் ஃபோனை நீட்டினார். மகள் போன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இது எம்பொண்ணு சிரிச்சதா தம்பி, இல்ல மிஷினு செஞ்சதா? நெஜத்த சொல்லு, அது போதும் எனக்கு."

மிஷின் செய்தது என்றேன். ஃபோனைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அழவில்லை. அப்புறம் அவராகத்தான் கேட்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணு செஞ்சி குடேன். என்னாண்ட பேசற மாரி. ஒண்ணுமே சொல்லாம பூட்டாளே பாவி."

அவர் ஃபோனில் சசிரேகா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நிறைய இருந்தன. சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா என்று. குரலுக்கு அது போதும். முகத்துக்குப் பொங்கலுக்கு எடுத்த ஃபோட்டோ. நல்ல வெளிச்சத்தில், மஞ்சள் சுடிதாரில், வாசலில் நிற்கிற மாதிரி செய்தேன். என்ன பேச வேண்டும் என்று பாப்பம்மாள் சொல்லவில்லை, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். நான்தான் எழுதினேன்.

"அம்மா, யார் மேலயும் தப்பு இல்லம்மா. சுவிட்ச நிறுத்தாம நான்தான் கைய வெச்சிட்டேன். கோவிச்சிக்காத. கேசு கோர்ட்டுன்னு நீ அலையாத. வேளைக்கு சாப்டு."

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவள் சாப்டு என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினார். கிளம்பும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நேராக இங்கேதான் வந்திருக்கிறார் போலிருக்கிறது.

அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, சார். நான் செய்ததிலேயே ஒரு குறையும் சொல்ல முடியாத வீடியோ அது. கையை மட்டும் அதில் காட்டவில்லை. துப்பட்டாவுக்குள் மறைத்துவிட்டேன். மச்சத்தோடு தத்ரூபமாகச் செய்திருக்க முடியும், எனக்குத் தெரியாததா. ஆனால் பெற்றவள் பார்க்கப்போகிற வீடியோ. அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி இருக்கிறது.