பேர் வைக்காத பூச்சி

இல்ல சார், அந்த பாட்டில மட்டும் தொறக்காதீங்க. உள்ள கீறது சயனைடுதான், நான் இல்லன்னு சொல்லல. அடியில மருந்து, அதுக்கு மேல பாருங்க, வெள்ளையா பிளாஸ்டர் போட்டு அடைச்சிருக்குது. பூச்சிய உள்ள வுட்டா றெக்கைய அடிச்சிக்காம செத்துப்பூடும். றெக்க கிழிஞ்சா பூச்சி எதுக்கும் ஒதவாது, அதுக்குத்தான். இந்த நேரத்துல இந்த ஏரியால சயனைடு வெச்சிகினு இருந்தா போலீசு இன்னா நெனைக்கும்னு எனக்கும் தெரியும். மீட்டிங்ல குண்டு வெடிச்சதுலேருந்து ஊரே பயந்துகினுதான் கீது. ஆனா நீங்க புடிச்சிகினு வந்தவரு பூச்சி ஆராய்ச்சி பண்றவரு, இன்ஸ்பெக்டர் சார்.

நானா? மஹாலட்சுமி, மண்ணூரு. அவரு எங்க வூட்டு பின்பக்க ரூம்லதான் வாடகைக்கு கீறாரு. ராவோட ராவா நீங்க இட்டுகினு வந்தீங்களே, அதே ரூமு. வெளிய பெஞ்சுல துண்டு போத்திகினு ஒக்காந்திருக்காரே கோதண்டம், அவர்தான் எங்கப்பா. வூட்டுக்கு சொந்தக்காரரு வந்து கையெழுத்து போடணும்னு ஆள் அனுப்புனீங்களாம். நான் கூட வந்தேன். மோட்டார் காயில் சுத்தற கம்பெனில வேலை எனக்கு.

அவரு பேரா? ஊர்ல கைக்கொழந்த கூட பூச்சி சார்னுதான் சார் கூப்புடும்.

பேச்சு அப்படித்தான் இருக்கும். நாகர்கோயில் பக்கம். வந்த புதுசுல எங்கம்மா கூட சிலோன்காரரோன்னு சந்தேகப்பட்டாங்க. குடிக்க கொஞ்சம் வெள்ளம் வேணும்னாரு, எங்கம்மா பயந்துபோய் ஏரிக்கரையப் பாத்தாங்க. நம்ம காதுக்கு நாகர்கோயில் ஒண்ணுதான், யாழ்ப்பாணம் ஒண்ணுதான் சார். அதுக்காக புடிச்சி உள்ள வெச்சிட்டா எப்படி?

பேட்டரி, ஒயரு எல்லாம் வெளக்குக்கு. வெள்ளத் துணியக் கட்டி வெளக்கு போட்டா பூச்சி வந்து ஒக்காரும். மேப்புல செவப்பா குறி போட்டிருக்கறதெல்லாம் பூச்சி கெடச்ச எடம். எங்க கம்பெனி கேட்ல பெரிய லைட்டு கீது. காலைல ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு போவசொல்லோ செவுரு பூரா பூச்சி ஒட்டிகினு இருக்கும். அங்கதான் மொதல்ல அவரப் பாத்தேன். செவுத்துல மூஞ்சிய வெச்சிகினு நிக்கறாரு. வாட்ச்மேன் தணிகாசலம் குச்சிய எட்த்துகினு தொரத்துறாரு. பாவமா இருந்திச்சி. எங்க வூட்ல ரூம் காலியா கீதுன்னு நான்தான் சொன்னேன்.

இந்தப் பெட்டியப் பாருங்க சார். இந்த ரெண்டும் ஒரே பூச்சி மாதிரி தெரியுதா? ரெண்டும் காவி றெக்க, ஓரத்துல மஞ்சக் கோடு. ஆனா இது புஸ்தகத்துல கீற பூச்சி, அது வேற. கலர வெச்சி சொல்லக்கூடாதும்பாரு. மழைக்கு ஒரு கலரு, வெயிலுக்கு ஒரு கலரு. பின்றெக்கைல கீற தூள பிரஷ்ஷால தொடைச்சிட்டு லென்ஸ்ல நரம்பு பாக்கணும். இதுக்கு ரெண்டு நரம்பும் தனித்தனியா கெளம்புது. அதுக்கு ஒரே காம்புல கெளம்பி அப்பால பிரியுது. அதுவும் போதாது, ஆண் பூச்சி வேணும். ஆணோட வால் நுனிய கார மருந்துல ஊற வெச்சி, அந்த இன்னொரு பாட்டிலு அதான், உள்ள கொக்கியாட்டம் ஒண்ணு கீது, அதப் பாத்தாதான் இன்ன இனம்னு அடிச்சி சொல்ல முடியும். செவுத்துல கெடச்சதெல்லாம் பொட்டப் பூச்சி. மாசக்கணக்கா ஆணுக்கு அலைஞ்சாரு.

புதுசுன்னு தெரிஞ்சும் அவரு இன்னும் பேர் வெக்கல. பாக்க ஒரே மாதிரி கீதுன்னு சேத்துடவும் கூடாது, அவசரத்துல பேர் வெக்கவும் கூடாது, தப்பு காலத்துக்கும் நிக்கும்பாரு. நீங்க தேடற ஆளுன்னு வெச்சிருக்கற போட்டோல கீறவன் மீசையும் அவரு மீசையும் ஒண்ணுதான். நான் ஒத்துக்கறேன். மீசைதான் சார் ஒண்ணு.

ஆணா? கெடச்சிதே. பெட்டில கடைசி. ஊசில சின்னச் சீட்டு குத்தியிருக்கும், படிங்க. சேரப்பணஞ்சேரி. தேதி... ஆமா சார். குண்டு வெடிச்ச அதே நாளுதான்.

சீட்டு யாரு வேணா எழுதலாம்தான். ஆனா அந்தப் பூச்சி அன்னிக்கு ராத்திரி அங்கதான் வந்திச்சி. அன்னிக்குதான் அவரு வளத்த ஒரு பொட்டப் பூச்சி கூட்டுலேருந்து வெளிய வந்திருந்திச்சி. அத வலைக் கூண்டுல வெச்சி கொய்யா மரத்தாண்ட காட்டுனா, அந்த வாசனைக்கு ஆணு எங்கேருந்தாலும் தேடிகினு வரும். வந்திச்சி. கூண்ட நான்தான் புடிச்சிகினு இருந்தேன்.

ஆமா சார். நான்.

கூட லைன்ல வேலை செய்யற லூர்தம்மாள் வூடு. அப்பாகிட்ட கம்பெனில ஓவர்டைம்னு சொல்லிட்டு போனேன். வெடிச்ச சேதி வந்து பஸ்ஸெல்லாம் நின்னுபூட்சி. மறுநாள் லாரில தொத்திகினு வந்தோம், ஊருக்கு முன்னாடியே எறங்கி தனித்தனியா நடந்தோம். லூர்தம்மாள கேளுங்க, அவ வூட்டுக்காரர கேளுங்க. அப்படிப் பாக்காதீங்க சார். ஏட்டய்யா சிரிக்கறாரு, சிரிக்கட்டும். நீங்க நெனைக்கற மாதிரி இல்ல.

மொதல்லயே சொல்லியிருக்கலாம்தான். கதவு தொறந்து கீது சார், அப்பா காதுல வுழும். வெளியூர் ஆளு, வேற ஜாதி. அப்பா என்னிய வெட்டிப் போட்ருவாரு, இல்ல அவரே தொங்கிடுவாரு. எனக்கு பயமா கீது.

இன்னா சத்தம் அது? ஜீப்பா? மெட்ராஸுக்கா, இப்பவேவா? அங்க போனா இந்த நரம்பு, கொக்கி எல்லாம் யாரு சார் கேப்பாங்க? நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னத எழுதுங்க, கையெழுத்து போடறேன்.

பூச்சி சார்னு எழுதக்கூடாதா? பேரு பெட்டி மேல ஒட்டியிருக்குதே. நான் வாயால சொல்லணுமா?

அது மட்டும் முடியாது சார். பேனா குடுங்க, எழுதித் தர்றேன். கட்டுன நாள்லேருந்து அந்தப் பேர நான் வாயால சொல்றதில்ல.

ஆமா, அன்னிக்கு சாய்ங்காலம்தான். வாலாஜாபாத் ரோட்ல ஒரு பெருமாள் கோயிலு. அங்கேருந்து நேரா லூர்தம்மாள் வூட்டுக்குத்தான் போனோம். செவ்வாக்கெழமைல எவன் தாலி கட்டுவான்னு கேக்கறீங்க. பொய் சொல்றவளா இருந்தா நல்ல நாளாப் பாத்து சொல்லியிருக்க மாட்டேனா? செவ்வாக்கெழமைன்னா வேற கல்யாணம் இருக்காது, தெரிஞ்ச மூஞ்சி எதுவும் வராதுன்னுதான் அன்னிக்கு வெச்சிகினோம். கயிறு உள்ளதான் கீது. வேணும்னா லேடி போலீச வுட்டு பாத்துக்கோங்க.

இந்தாங்க, எழுதிட்டேன். பக்கத்துல உறவுன்னு கேட்டிருந்தீங்க, அதையும் எழுதிட்டேன்.

எங்கப்பாவ உள்ள கூப்புடுங்க சார். அவரு கையெழுத்தும் வேணும்னீங்களே. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு, கொஞ்சம் நேரமாவும். அதுவரைக்கும் ஜீப்ப நிறுத்தி வெக்கச் சொல்லுங்க.