ஆட்டினாலும் அசையாத மேஜை

ரோஹிணி: இதென்னங்க பாய், ஒத்தைக் கையில தூக்கறீங்க? மேஜைப் பலகையா, அப்பளமா?

ஜலீல்: மேல ஒட்டுற செயற்கைக் கல்லு ஷீட்டே நல்ல கனம்மா. அதான் அடிப்பலகை லேசா... ஹனிகோம்ப். உள்ள பூரா தேனடை மாதிரி ஓட்டை.

ரோஹிணி: ஓட்டைக்கா இத்தனை நாளு? பிளைவுட் வைங்க. ரெண்டு அடுக்கா.

ஜலீல்: உக்காந்து சாப்பிடவா, யானையைக் கட்டவா?

ரோஹிணி: ஆட்டினாலும் அசையக்கூடாதுங்க.

ஜலீல்: சார்தான் லேசா வேணும்னு...

ரோஹிணி: சொல்லுவாரு! வாடகை அக்ரிமெண்ட் முடியறதுக்குள்ள வீடு மாத்த டெம்போக்காரருக்குப் போன் போடற புருசன். புனேக்குள்ளயே விஷ்ராந்த்வாடி, கோந்த்வா, இப்ப நிக்டி... அந்த டெம்போக்காரரு எங்க வீட்டு விசேஷத்துக்கே வர ஆரம்பிச்சுட்டாரு.

ஜலீல்: நல்லதுதானே, சொந்தம் கூடுது...

ரோஹிணி: சிரிக்காதீங்க. என் பொண்ணு மீனு கேக்கறா, "அம்மா, இந்த ஸ்கூல்ல ஃப்ரெண்ட் புடிக்கலாமா, வேண்டாமா?"ன்னு. அழுகையே வந்துருச்சுங்க.

ஜலீல்: அடப் பாவமே, பச்சப்புள்ள...

ரோஹிணி: அதான். மேஜையைப் பாத்ததும் மலைச்சு, வீடு மாத்தற நெனப்பையே அவரு விடணும்.

ஜலீல்: சரிதாம்மா... ஆனா அம்புட்டுக் கனத்தை அஞ்சு மாடி யாரு தூக்குறது? நம்ம ஆளுங்க இடுப்பு...

ரோஹிணி: எந்த அஞ்சு மாடி? நாங்க இருக்கறது கீழ்வீடு.

ஜலீல்: அது... வேற வீடு. சாயா சொல்லவா? இஞ்சி போட்டு...

ரோஹிணி: பாய். யாரு வீடு?

ஜலீல்: ...வாயைத் திறக்கப்படாதுன்னு சார் சொன்னாரும்மா.

ரோஹிணி: அப்ப அடுத்த வீடும் பாத்தாச்சு! பெங்களூரு போன மனுசன் திரும்பி வரட்டும், இருக்குது...

ஜலீல்: ஐயோ, வாடகை இல்லம்மா! சொந்த வீடு! நிக்டியிலயேதான், மீனு ஸ்கூலுக்குப் பின்னாடி. லிஃப்ட் இன்னும் ஓடல. முதல்ல மேஜையைப் போட்டுட்டு, அப்புறம் உங்களைக் கூட்டிட்டுப் போயி காட்டணும்னு... போச்சு, எல்லாத்தையும் உளறிட்டேன். அழுறீங்களா, சிரிக்கிறீங்களா?

ரோஹிணி: ரெண்டும்தான்... அந்த லேசானதையே போடுங்க பாய். அப்புறம்... தரையைக் குடையற மிஷின் இருக்குங்களா?

ஜலீல்: அது எதுக்கு?

ரோஹிணி: கலர் புடிக்குதான்னு பாக்க அவரு வீட்டுக்குக் கொண்டாந்தாரே, மேஜையோட இரும்புக்கால்... அவரு பெங்களூரு கெளம்புனதும், நாலையும் வாடகை வீட்டுத் தரையில நட்டு சிமெண்ட் பூசிட்டேனுங்க!