இடது பக்கப் பொத்தான்

நாத்தனார்: ...அதெல்லாம் கிடையாது அண்ணி. சாப்பாட்டு மணி முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. எந்திரிங்க.

அண்ணி: நீ போ. நான் வரேன்.

நாத்தனார்: இதையேதான் அப்பவும் சொன்னீங்க. டப்பாவைக்கூடத் திறக்கல. உடம்பு சரியில்லையா?

அண்ணி: உடம்புக்கு ஒண்ணுமில்ல.

நாத்தனார்: அப்புறம் ஏன் கையைத் துண்டுக்குள்ளயே வச்சிருக்கீங்க?

அண்ணி: குளுருது.

நாத்தனார்: இந்த ரூம்லயா? எனக்கு வேர்த்து ஊத்துது. தலையை வேற அட்டை கட்டுற கயிறால கட்டியிருக்கீங்க. கிளிப் என்னாச்சு?

அண்ணி: எங்கயோ போச்சு. நீ உன் வேலையைப் பாரு.

நாத்தனார்: என் வேலையே இதுதானே. நான் லைன் லீடர். சேர்ந்து அஞ்சாவது நாளே உடை மாத்துற ரூம்ல உக்காந்துட்டா என்னைத்தான் கேப்பாங்க. 'உங்க அண்ணன் பொண்டாட்டின்னு கொண்டு வந்து விட்டியே, எங்க அவங்க'ன்னு.

அண்ணி: தலைவலின்னு சொல்லு.

நாத்தனார்: இருபது வருஷமா எங்க அண்ணனையே சமாளிச்சிருக்கீங்க. ஒரு அட்டை வெட்டுற மெஷினுக்குப் பயந்தா எப்படி?

அண்ணி: உங்க அண்ணன் கத்துவார். வெட்ட மாட்டார்.

நாத்தனார்: சரி, பேச்சு பழையபடி வந்துடுச்சு. வாங்க.

அண்ணி: நாலாம் நம்பர் மெஷின்ல எனக்கு முன்னாடி யாரு இருந்தா?

நாத்தனார்: யாரோ இருந்தா. அது எதுக்கு இப்ப...

அண்ணி: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

நாத்தனார்: கண்ணாடிக்காரின்னு ஒருத்தி. வேலை பிடிக்கலன்னு நின்னுட்டா.

அண்ணி: ரெண்டு விரல் போனா யாருக்குத்தான் பிடிக்கும்.

நாத்தனார்: ...யார் சொன்னா?

அண்ணி: தரை துடைக்கிற அம்மா. காலைல கை கழுவுற இடத்துல. அஞ்சு நாளா நீ வாயைத் திறக்கல. ஒரே வீட்ல இருக்கோம், ஒரே பஸ்ல வரோம்.

நாத்தனார்: சொன்னா நீங்க வந்திருப்பீங்களா?

அண்ணி: சேர்ந்த ஒன்பதாவது நாளாமே. அப்போ எனக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.

நாத்தனார்: வாயை வச்சுட்டு சும்மா இருங்க அண்ணி. அது அவ கவனக்குறைவு. ரிப்போர்ட்லயே அப்படித்தான் எழுதியிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்கு வந்து கையெழுத்துப் போடப் போறா.

அண்ணி: எந்தக் கையால?

நாத்தனார்: வலது கையாலதான். அடிபட்டது இடது கை.

அண்ணி: அங்கதான் எனக்கு இடிக்குது. மெஷினுக்கு ரெண்டு பச்சைப் பொத்தான். இந்தக் கைக்கு ஒண்ணு, அந்தக் கைக்கு ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து அமுக்கினாத்தான் கத்தி இறங்கும். முத நாளே நீதானே சொல்லிக் குடுத்த?

நாத்தனார்: ஆமா.

அண்ணி: ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா இடது கை எப்படிக் கத்திக்கு அடியில போச்சு? அவளுக்கு என்ன மூணு கையா?

நாத்தனார்: பொத்தான்... சிக்கியிருக்கும். பழைய மெஷின்.

அண்ணி: தானாவா?

நாத்தனார்: ஒரு நாளைக்கு எத்தனை அட்டை கேக்கறாங்க தெரியுமில்ல? ஆயிரத்து இருநூறு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையையும் எடுத்து எடுத்து வச்சா எண்ணூறு தாண்டாது. இடது பக்கப் பொத்தான் இடுக்குல எதையாவது சொருகிட்டா அது அமுங்கியே கிடக்கும். வலது கையால மட்டும் அமுக்கிட்டு, இடது கையால அடுத்த அட்டையைத் தள்ளலாம். எல்லாரும் செய்யறதுதான்.

அண்ணி: சொருகியிருக்குன்னு கண்ணாடிக்காரிக்குத் தெரியுமா?

நாத்தனார்: ...அவ புதுசு. மெஷினே அப்படித்தான்னு நெனச்சிருப்பா.

அண்ணி: யாரும் சொல்லல.

நாத்தனார்: அவளும் கேக்கல.

அண்ணி: புதுசா வந்தவ எப்படிக் கேப்பா? முத நாள் நான் கேட்டேனே, கத்தி உடனே நிக்கணும்னா என்ன செய்யணும்னு. சிவப்புப் பொத்தானைக் காட்டிட்டு, பக்கத்து மெஷின்காரியைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்ச. அதோட நான் எதையும் கேக்கல.

நாத்தனார்: அது சும்மா கேலிக்கு அண்ணி. இவ்வளவு நாள் மனசுல வச்சிருந்தீங்களா?

அண்ணி: அஞ்சு நாள்தானே. சரி, சொருகினது யாரு?

நாத்தனார்: எனக்கென்ன தெரியும்.

அண்ணி: தெரியாதா? திங்கக்கிழமை மெஷினுக்கு அடியில குப்பை கூட்டினேன். இது கிடைச்சுது. பாரு.

நாத்தனார்: இங்க குடுங்க அதை.

அண்ணி: ஒரு பல்லு ஒடஞ்ச கிளிப். போன வருஷம் நான்தான் ஜோடியா வாங்கினேன். உனக்கொண்ணு, எனக்கொண்ணு. தொலைச்சுட்டியேன்னு வீட்டுக்கு வந்து திட்டலாம்னு பையில போட்டேன். மறந்துட்டேன். இன்னைக்குக் காலைலதான் வேற மாதிரி தோணுச்சு.

நாத்தனார்: அண்ணி, மெதுவா பேசுங்க.

அண்ணி: மெதுவாத்தான் பேசறேன்.

நாத்தனார்: ...அன்னைக்கு அவ எண்ணிக்கை கம்மியா இருந்துச்சு. மேல இருந்து என்னைப் பிடிச்சுத் திட்டினாங்க. நான்தான் போய்ச் சொருகினேன். அவ தண்ணி குடிக்கப் போயிருந்தா. வந்ததும் சொல்லணும்னுதான் நெனச்சேன், அதுக்குள்ள என்னைக் கூப்பிட்டாங்க. சத்தம் கேட்டு முதல்ல ஓடினது நான். ஓடிப் போய் அவ கையைக்கூடப் பாக்கல அண்ணி. கிளிப்பைத்தான் பிடுங்கினேன். அது எங்கயோ விழுந்துடுச்சு, அப்புறம் தேடினேன், கிடைக்கல. மூணு வாரமா எனக்கு ஒழுங்கா தூக்கம் இல்ல.

அண்ணி: அவ நாலு மணிக்கு வந்து 'என் தப்பு'ன்னு கையெழுத்துப் போடப் போறா.

நாத்தனார்: சொன்னா வேலை போயிடும்.

அண்ணி: போகலாம்.

நாத்தனார்: உங்களுக்கு என்ன, சுலபமாச் சொல்லிட்டீங்க. ஒரு தப்பும் பண்ணாதவங்க. என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க. இப்படி உக்காந்துட்டுக் கேள்வி கேட்டே கொல்லாதீங்க.

அண்ணி: உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. நேத்து சாயங்காலம் எல்லார் எண்ணிக்கையும் வாசிச்சியே, 'எங்க அண்ணி எழுநூறு'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போன மாதிரி இருந்துச்சு. அஞ்சாம் நம்பர்காரி என்ன செய்யறான்னு பாத்து வச்சுக்கிட்டு, இன்னைக்குக் காலைல என் கிளிப்பைக் கழட்டி நானே அந்த இடுக்குல சொருகினேன். அது இன்னும் அங்கதான் இருக்கு, மெஷினை மட்டும் நிறுத்திட்டு வந்தேன். இந்தா, துண்டை எடுத்துட்டேன், பாரு. கையுறை பெரிய சைஸுன்னு உன்கிட்ட சண்டை போட்டேன்ல? அதுல ரெண்டு விரல் நுனியைக் கத்தி வெட்டிடுச்சு. உள்ள என் விரல் அதுவரைக்கும் எட்டல, அதனால தப்பிச்சேன். அதுக்கப்புறம்தான் அந்த அம்மா கண்ணாடிக்காரி விரல் போனதைச் சொன்னாங்க. இதை யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் இங்க வந்து உக்காந்தேன். எந்திரி. நீ உன் கிளிப்பை எடுத்துக்க, நான் இந்தக் கையுறையை எடுத்துக்கறேன். அவ வர்றதுக்குள்ள ஆபீஸுக்குப் போயிடலாம்.