கடலுக்குள் விழுந்த புள்ளி

புயலடித்து ஓய்ந்த ஐந்தாம் நாள், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“நம்ம ஊர நான்தான் மச்சான் கடலுக்குள்ள தள்ளிட்டேன்” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“என்னா ஒளர்ற?”

“நிவாரணம் குடுக்குறவங்க எல்லாரும் சேந்து கம்ப்யூட்டர்ல ஒரு மேப் வச்சிருக்காங்க. யாரு வேணா பாக்கலாம், திருத்தலாம். ஊரு எங்க இருக்குன்னு ஜிபிஎஸ் நம்பர் கேட்டாங்க. நம்ம போட் ஜிபிஎஸ்ல ‘வீடு’ன்னு இருந்தத குடுத்துட்டேன்.”

“அடப்பாவி, அது மீன் புடிச்சு முடிச்சு நாம வீட்டப் பாத்து போட்ட திருப்புற எடமாச்சே! நடுக்கடலு!”

“ஆமா. அதான் ரெண்டு நாளா தண்ணி லாரி வரல. பண்ருட்டியில ஒரு டீச்சரு மேப்பப் பாத்துட்டு, கடலுக்குள்ள எப்படிங்க ஊருன்னு அதுல இருந்த என் நம்பருக்கு போன் போட்டாங்க. வெவரம் சொன்னேன். அவுங்களே புள்ளிய கரைக்கு நகத்திட்டாங்க. இன்னிக்கு காலையில லாரி வந்துட்டுது. பொம்பளைங்க குடம் குடமா புடிக்கிறாங்க.”

“அப்பாடா” என்று சாய்ந்த மச்சான், சட்டென்று நிமிர்ந்தார்.

“யோவ், ‘வீடு’ மட்டுந்தான குடுத்த? நமக்கு வஞ்சிரம் கெடைக்கிற எடத்த குடுக்கலியே?”

“அத என் பொண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல மச்சான்.”